எழுத்து நடையும் நம் வீட்டுத் தமிழும்

(பொன்விழாவை முன்னிட்டு பிரிக்பீல்ட்ஸில் நடந்த இலக்கிய அமர்வில் ஆற்றிய உரை)





‘எழுத்தாளரின் நடை வாசகருக்குப் பொருளை எப்படி மாற்றித் தருகிறது’ என்று பேசச் சொன்னார்கள். பொன்விழாவில் இது என்ன தலைப்பு என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் நம் மலர்க் குழு சில வாரங்களாக இந்தக் கேள்வியோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் ஒரு சிறு உதாரணம். நம் உறுப்பினர் ஒருவர் இறந்தால் கூட்டக் குறிப்பேட்டில் ‘காலமானார்’ என்று செயலாளர் எழுதுவார். அதே செய்தி வீட்டில் ‘மவுத்தாயிட்டாக’ என்று வரும். இறந்தவர் ஓர் ஆலிம் என்றால் ‘வஃபாத்தானார்கள்’ என்போம். அகராதிப்படி மூன்றும் ஒன்றுதான். ஆனால் முதலாவதைக் கேட்டால் காகிதம் தெரிகிறது. இரண்டாவதைக் கேட்டதும் கூடத்தில் யாசீன் ஓதும் சத்தம் காதில் விழுகிறது. மூன்றாவதில் தலை தானாகக் குனிகிறது. சேதி ஒன்று, சொல்லும் விதம் மூன்று. நடை என்பது இவ்வளவுதான்.

நம் முன்னோருக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. 17ஆம் நூற்றாண்டில் சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர், அரபு நாட்டைத் தமிழ்க் காப்பிய மரபின்படியே வருணித்தார். மழை பொழிகிறது, ஆறு ஓடுகிறது, வயல் விளைகிறது. மக்காவில் ஏது நெல்வயல் என்று கேட்பவருக்கு அது பிழை. காயலிலும் கீழக்கரையிலும் இருந்து கேட்டவருக்கோ, பெருமானார் (ஸல்) பிறந்த மண் தன் மண்ணைப் போலவே ஆகிவிட்டது. பிற்காலத்தில் ‘தாருல் இஸ்லாம்’ நடத்திய பா. தாவூத்ஷா வேறு வழியில் போனார். முஸ்லிம்களுக்கு நல்ல தமிழ் வராது என்ற ஏளனம் இருந்த காலம் அது. எல்லோரும் படிக்கும் தெளிந்த தமிழில் மார்க்கத்தைச் சொன்னார். அன்றைக்கு அது தேவையாக இருந்தது.

ஆனால் இன்று நான் அதிகம் பேச விரும்புவது தோப்பில் முகமது மீரானைப் பற்றி. 1944இல் குமரி மாவட்டத்துத் தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்து 2019இல் மறைந்தவர். திருநெல்வேலியில் மிளகாய் வற்றல் வியாபாரம் செய்தவர். அவருடைய ஊர் 1956 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்ததால் பள்ளியில் படித்தது மலையாளம். தொடக்கத்தில் தம் தமிழை மலையாள எழுத்தில்தான் எழுதினார். பிறர் அதைத் தமிழெழுத்துக்கு மாற்றினார்கள். அப்படி ஒருவர் எழுதிய ‘சாய்வு நாற்காலி’க்கு 1997இல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது.

அவருடைய முதல் நாவல் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’. ‘முஸ்லிம் முரசு’ இதழில் தொடராக வந்து, 1988இல் நூலானது. ஊரையே ஆட்டிவைக்கும் வடக்கு வீட்டு அகமதுக்கண்ணு முதலாளி, பரக்கத்தைக் காட்டி ஊரை ஏய்க்கும் ஒரு தங்ஙள், ஊருக்கு வரும் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்கு எழும் எதிர்ப்பு, யாருக்கும் தலைவணங்காத மஹ்மூது. இதைச் சுருக்கிச் சொன்னால், மூடநம்பிக்கையில் கிடந்த ஒரு கிராமத்தைச் சாடும் கதை என்று ஆகிவிடும். சீர்திருத்தக் கட்டுரை நடையில் எழுதியிருந்தால் அப்படித்தான் ஆகியிருக்கும். படித்துவிட்டு நாம் ஒன்று கோபப்படுவோம், அல்லது ‘நாங்கள் அப்படியில்லை’ என்று புத்தகத்தை மூடிவைப்போம்.

மீரான் அதை ஊர்ப்பேச்சிலேயே சொன்னார். அரபுச் சொல்லும் மலையாள வாடையும் கலந்த அந்தக் கரையோரத் தமிழில், ஊர் நம்புவதை ஊர் நம்புகிற மாதிரியே சொல்கிறார். இது பொய் என்று கதை சொல்பவர் குறுக்கே வந்து விரல் நீட்டுவதில்லை. அதனால் நாம் முதலில் கூட்டத்தோடு கூட்டமாக நம்புகிறோம், பிறகு சிரிக்கிறோம், பிறகுதான் சுடுகிறது. நம் சொந்த மாமாவைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு அது. சிரித்தாலும் அவர் மாமாதானே. இப்படி எழுதியது நம்மவரில் சிலருக்குக் கசந்தது. வீட்டு விஷயத்தைத் தெருவுக்குக் கொண்டுவரலாமா என்றார்கள். நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நடையைக் கவனித்துப் படித்தவருக்கு, அங்கே பேசுவது வெளியாளின் ஏளனம் இல்லை, வீட்டுப் பிள்ளையின் ஆதங்கம் என்று விளங்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரே நடை எல்லா வாசகருக்கும் ஒரே பொருளைத் தராது. ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ 1972இல் வந்தது. மேடானிலும் பினாங்கிலும் நடக்கும் கதை. அதில் மலாய்ச் சொற்கள் தாராளமாகப் புழங்கும். மதுரையில் இருந்து படிப்பவருக்கு அவை தூர தேசத்தின் வாசம். நமக்கு அவை நாசி லெமாக் கடையில் தினமும் காதில் விழும் பேச்சு. அவர் அர்த்தம் தேடும் இடத்தில் நாம் வீடு திரும்புகிறோம்.

இப்போது நம் மலருக்கு வருகிறேன். பெரியவர்களின் நினைவுகளைப் பதிவுசெய்து கேட்டிருந்தோம். கிள்ளானில் இருக்கும் ஒரு பெரியவர் தாம் வந்த கதையைச் சொல்லியிருந்தார். அவர் சொன்னது இது: ‘ராஜுலாவுல ஏழு நாளு. எறங்குனா தரை ஆடுது. மாமு கூட்டிட்டுப் போயி பசியாற வச்சாக. அன்னைக்கு ராவே மாவு பெசஞ்சேன்.’

தட்டச்சாகி வந்தபோது இப்படி இருந்தது: ‘அன்னார் 1956ஆம் ஆண்டு கப்பல் மூலம் மலாயா வந்தடைந்து, தம் தாய்மாமனின் ஆதரவுடன் உணவக வணிகத்தில் ஈடுபட்டார்.’

திருத்தியவர் நல்ல பிள்ளை, தமிழை முறையாகப் படித்தவர். பெரியவரின் மரியாதைக்காகத்தான் செய்தார். வாக்கியத்தில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் ஆடிய தரை எங்கே போயிற்று? ஏழு நாள் கடலில் வந்த பையனின் கிறுகிறுப்பு அதில்தானே இருந்தது? ‘ஆதரவு’ என்ற சொல் அழகுதான். பசியாற வைத்த மறுகணமே மாவு பிசைய நிறுத்திய மாமுவின் அன்பும் கண்டிப்பும் அதற்குள் அடங்குமா? ‘அன்றிரவே’ என்பதும் போய்விட்டது. ஓய்வே கொடுக்கவில்லை என்பதை அவர் புகாராகச் சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லில் வைத்துவிட்டுப் போனார். இனி அவர் பேரப்பிள்ளை படித்தால், தன் தாத்தா ஒரு வணிகர் என்று மட்டும் தெரிந்துகொள்ளும்.

எல்லாவற்றையும் பேச்சுத் தமிழில் எழுதுங்கள் என்று நான் சொல்லவில்லை. நிலம் வாங்கிய விவரம், சட்டவிதி, கணக்கறிக்கை எல்லாம் எழுத்துத் தமிழில்தான் இருக்க வேண்டும். ‘காசு கொஞ்சம் கொறையுது’ என்று பொருளாளர் அறிக்கை எழுதினால் பொதுக்கூட்டம் தாங்காது. ஆனால் ஒரு மனிதர் தன் வாழ்வைச் சொல்லும்போது அவருடைய சொல்லும் அந்த வாழ்வின் ஒரு பகுதி.

பிள்ளைகளுக்கு இது புரியாது என்கிறார்கள். மலாய்ப் பள்ளியில் படிக்கும் நம் பேரப்பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் ‘பசியாறியாச்சா’ என்று ரூமி எழுத்தில் கேட்கிறார்கள். நம் பாட்டிமார் பலர் தமிழை அரபு எழுத்தில் படித்தார்கள். மீரான் மலையாள எழுத்தில் எழுதினார். எழுத்து மாறியும் பேச்சு மாறாமல் வந்திருக்கிறது. பிள்ளைகளுக்குப் புரியாமல் போவது ‘அன்னார்’தான், ‘பசியாற’ இல்லை.

மலர்க் குழுவிடம் பேசினேன். பெரியவர்களின் நினைவுகளை அவர்கள் சொன்னபடியே அச்சிட இசைந்திருக்கிறார்கள். கடினமான சொற்களுக்குப் பக்கத்தின் அடியில் பொருள் தருவார்கள். கிள்ளான் பெரியவரின் பகுதியை அவருக்கே ஒருமுறை படித்துக் காட்டிவிட்டுத்தான் அச்சுக்கு அனுப்பப் போகிறோம். உங்கள் வீட்டில் வாப்பாவோ உம்மாவோ நன்னியோ சொல்லத் தயாராக இருந்தால், கைப்பேசியில் பதிவுசெய்து கொண்டுவாருங்கள். நடுவில் திருத்தாதீர்கள். இருமினால் இருமல் சத்தமும் இருக்கட்டும்.