பேய்க் கதையும் மெய்க் கதையும்

(படிப்பகக் கூட்டமொன்றில் பேசியதன் சுருக்கம்)



அமெரிக்காவில் கனெக்டிகட் மாகாணத்தில் ஹார்ட்ஃபோர்ட் என்று ஒரு நகரம். அங்கே எழுத்தாளர் மார்க் ட்வைன் 1874 முதல் 1891 வரை குடியிருந்த செங்கல் மாளிகை இன்று பொருட்காட்சி சாலையாக இருக்கிறது. அந்த வீட்டில் பேய் உலவுகிறது என்று பேச்சு. வெள்ளை உடுத்திய பெண்ணைப் பார்த்தோம், சுருட்டு வாசம் அடித்தது என்கிறார்கள். இருட்டிய பிறகு டிக்கெட் போட்டுப் பேய்க் கதை சொல்லி அழைத்துச் சென்றதும் உண்டு.

மெய்க் கதையை நாம் சொல்கிறோம், கேளுங்கள்.

ட்வைன் 11 வயதில் தகப்பனை இழந்தவர். சிறு வயதிலேயே அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்த தொழிலாளி. பிறகு புகழும் பணமும் சேர்ந்தன. எழுத்துக் கோக்கும் யந்திரம் ஒன்றைச் செய்ய சுமார் 3 லட்சம் டாலரைக் கொட்டினார். தான் கையால் செய்த வேலையை யந்திரம் செய்யும், லாபம் குவியும் என்று நம்பினார். யந்திரமோ ஓயாமல் பழுதாயிற்று. 1894-இல் அவரது பதிப்புக் கம்பெனியும் திவாலாயிற்று. தொழிலாளி முதலாளியாகப் பார்த்தார், கடனாளியானார்.

கடனை அடைக்க, முதிய வயதில் உலகம் சுற்றிப் பிரசங்கம் செய்தார். 1896-இல் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் வந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில், தாயும் தகப்பனும் அருகில் இல்லாத வேளையில், மூத்த மகள் சூசி 24 வயதில் மூளைக்காய்ச்சல் கண்டு அந்த வீட்டிலேயே மாண்டாள். பெற்றோர் மறுபடி அங்கே குடிபோகவில்லை. 1903-இல் வீட்டை விற்றார்கள். தோழர்களே, அந்த வீட்டைப் பிடித்த பேய்க்குப் பெயர் கடன்!

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1886 மார்ச்சில், சிகாகோ மே தினப் போராட்டத்துக்குச் சுமார் ஆறு வாரம் முன்பு, அதே ஹார்ட்ஃபோர்டில் பெரிய மனிதர்கள் கூடும் கழகத்தில் அவர் எழுந்தார். 'நைட்ஸ் ஆஃப் லேபர்' என்ற தொழிலாளர் ஸ்தாபனத்தை ஆதரித்துப் பேசினார். ஒடுக்கப்பட்ட பெருங்கூட்டம் ஒன்றுசேர்ந்து உரிமை கேட்பது நியாயம், இனி ஆளப்போவது உழைப்பவனே என்பது அதன் சாரம். 1901 முதல் 1910-இல் சாகும்வரை ஏகாதிபத்திய எதிர்ப்புச் சங்கத்தின் உப தலைவராகவும் இருந்தார். பிலிப்பைன்ஸ் மக்கள்மீது தன் சொந்த நாடு நடத்திய யுத்தத்தைக் கண்டித்தார்.

அந்தப் பேச்சைக் கேட்டுச் சிலிர்க்க வேண்டும். சுருட்டு வாசத்துக்கு நடுங்குவதில் என்ன இருக்கிறது?

எந்த வீட்டைக் காட்டிப் பேய் என்றாலும் சரி, கேளுங்கள்: அங்கே உழைத்தவர் யார்? கடன்பட்டவர் யார்? அழுதவர் யார்? கேட்கத் தெரிந்தவனுக்குப் பயம் ஏது!