வேலைவாயிலில் தமிழ் இளைஞன்



2022ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 24ஆம் நாள் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நான்காம் தொகுதித் தேர்வை நடத்தியது. அறிவிக்கப்பெற்ற இடங்கள் 7,301. விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 22 இலக்கம் பேர். ஓர் இடத்திற்கு முந்நூறு பேர்! 2024 சூனில் மீண்டும் தேர்வு வந்தது. 6,244 இடங்களுக்கு 20 இலக்கத்திற்கும் மேற்பட்டோர் கைநீட்டினர். 2025 சூலையில் இடங்கள் 3,935 ஆகச் சுருங்கின. கேட்டு நின்றவர்களோ ஏறத்தாழ 14 இலக்கம் பேர். அப்படி என்ன வேலைகள் அவை? ஊர்நிருவாக அலுவலர், இளநிலை உதவியாளர், தட்டச்சர். அவற்றுக்குக் கேட்கப்படும் கல்வி பத்தாம் வகுப்பு. வரிசையில் நிற்பவர்களில் இளங்கலையும் முதுகலையும் பொறியியலும் முடித்தவர்கள் எத்துணைப் பேர் என்பதை ஒவ்வோர் ஊர் நூலகத்திலும் போய்ப் பாருங்கள். காலையில் நூலகம் திறக்குமுன் சோற்றுப் பொட்டலத்தோடு வந்து, விளக்கணைக்கும் வரை வினாவிடைப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்கும் அந்த முகங்களில் இருபத்திரண்டும் உண்டு, முப்பத்தைந்தும் உண்டு.

“இளைஞர்கள் சோம்பர்கள், நாற்காலி வேலைக்கே ஆசைப்படுகிறார்கள்” என்று மேடைதோறும் பேசுவார் உளர். பேசுவது எளிது. இத்துணைப் பேர் ஏன் இந்த ஒரே வாயிலில் வந்து முட்டுகிறார்கள் என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்ததில்லை. சிற்றூர் அரசுப் பள்ளியில் தமிழ்வழி படித்து, தம் குடியில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய பிள்ளைக்கு, தன் மொழியில் வினாக் கேட்டுத் தன் மொழியில் விடை வாங்கும் பெரிய வேலைவாயில் நெடுங்காலம் இஃது ஒன்றாகவே இருந்தது. மற்ற வாயில்களில் ஆங்கிலமும் இந்தியுமே காவல் நின்றன. வேலை இல்லை என்பது ஒரு துன்பம். இருக்கின்ற வேலையையும் அறிவால் பெற முடியாமல் மொழியால் இழப்பது அதனினும் கொடிய துன்பம். பின்னதைப் பற்றியதே இவ்வுரை.

முன்பெல்லாம் பள்ளியிறுதி முடித்த மறுகிழமையே பிள்ளைகள் வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு ஓடினர். 1959ஆம் ஆண்டுச் சட்டம், காலியிடங்களை அவ்வலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டுமென்று அரசு நிறுவனங்களுக்கும் 25 பேருக்குக் குறையாத தனியார் நிறுவனங்களுக்கும் கட்டளையிட்டது. தெரிவிக்கத்தான் வேண்டும், அங்கிருந்து ஆளெடுக்க வேண்டுமென்று அச்சட்டம் சொல்லவில்லை! அலுவலகப் பட்டியல் மட்டும் போதாது, செய்தித்தாளிலும் அறிவித்து எல்லாரையும் அழைக்க வேண்டுமென்று 1996இல் உச்சநயன்மன்றம் தீர்ப்பளித்தது. பதிவு செய்யாதவனுக்கும் உரிமையுண்டு என்னும் அளவில் அது நயமான தீர்ப்பே. ஆனால் பதினைந்தாண்டு, இருபதாண்டு பதிவுமூப்போடு காத்திருந்தவனின் அட்டை அன்றே மதிப்பிழந்தது. அவன் மட்டும் மூன்றாண்டுக்கொரு முறை அதைப் புதுப்பித்துக்கொண்டிருந்தான். பதிந்து ஐந்தாண்டு காத்த, பட்டம் பெற்ற ஏழை இளைஞனுக்கு அரசு தந்துவந்த உதவித்தொகை திங்களுக்கு 600 உருபா, அதுவும் மூன்றாண்டுகளுக்கு. தேர்வுநூல் வாங்கவும் பேருந்துக்குக் கொடுக்கவும் அது காணுமா என்று எவரும் கணக்குப் பார்த்ததாகத் தெரியவில்லை.

தமிழ்வழி படித்தோர்க்கு மாநில அரசுப் பணிகளில் 20 விழுக்காட்டு முன்னுரிமை தரும் சட்டம் 2010இல் வந்தது. நல்ல சட்டம், ஆனால் ஓட்டைச் சட்டம். பள்ளி முழுதும் ஆங்கிலவழி படித்துவிட்டு, இறுதியில் அஞ்சல்வழியாகத் தமிழ்வழிப் பட்டமொன்றை வாங்கியவனும் அந்தப் பங்கில் கைவைத்தான். பள்ளி தொடங்கியே தமிழ்வழி படித்திருக்க வேண்டுமென்னும் திருத்தம் 2020இல்தான் வந்தது. இடைப்பட்ட பத்தாண்டுகளில் அகவை கடந்து போனவர்களுக்கு எந்தத் திருத்தமும் இல்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான்காம் தொகுதித் தேர்வில் பொதுத்தமிழுக்கு மாற்றாகப் பொது ஆங்கிலத்தை எழுதித் தமிழ்நாட்டு அரசு வேலைக்குள் நுழைய நெடுங்காலம் இடமிருந்தது. தமிழ்த்தாளில் நூற்றுக்கு நாற்பது பெற்றே ஆகவேண்டுமென்னும் ஆணை 2021 திசம்பரில் பிறந்தது. தமிழின் பெயர் சொல்லி ஆட்சிக்கு வந்தவர்கள் 1967 முதல் ஆண்ட நாடு இது!

இனி நடுவணரசின் வாயிலுக்கு வருவோம்.

2016 திசம்பர் 11ஆம் நாள் தமிழ்நாட்டு அஞ்சல் வட்டத்தில் அஞ்சற்காரர் பணிக்குத் தேர்வு நடந்தது. தெருத்தெருவாக நடந்து, முகவரி படித்து, முதியவர்க்கு மடலைப் படித்தும் காட்ட வேண்டிய வேலை. முடிவு வந்தபோது நாடே வியந்தது. தமிழில் ஒரு சொல்லும் பேசத் தெரியாத அரியானா இளைஞர்கள் தமிழ்த்தாளில் 25க்கு 20க்கும் மேல் வாங்கியிருந்தனர். தாய்ப்பாலோடு தமிழுண்ட பிள்ளைகள் அதே தாளில் பின்தங்கினர். தொல்காப்பியர் இருந்திருந்தால் அரியானாவிற்கே பாடம் கேட்கப் போயிருப்பார். கூச்சல் எழுந்தது, தேர்வு விலக்கப்பட்டது.

அதிலிருந்து பாடம் கற்றார்களா? 2019 சூலை 14ஆம் நாள் நடந்த அஞ்சல் தேர்வில், முன்பு தமிழிலும் தரப்பட்டுவந்த வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே தரப்பட்டது. இம்முறை தமிழ்நாட்டு உறுப்பினர்கள் கட்சி வேறுபாடின்றி மாநிலங்களவையை நடக்கவொட்டாமல் செய்தனர். இரண்டே நாளில், சூலை 16ஆம் நாள், துறை அமைச்சர் அவையிலேயே தேர்வை விலக்குவதாக அறிவித்தார். மீண்டும் நடந்தபோது தமிழ் இருந்தது.

நடுவண் காப்புப் படையில் 9,212 இடங்களுக்கு 2023இல் அறிவிப்பு வந்தது. அவற்றுள் 579 தமிழ்நாட்டிற்குரியவை. தேர்வோ இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டும். காவற்படைக்காரனுக்கு வேண்டியது ஓடும் காலும் உறுதியான நெஞ்சும். அவற்றுக்கு இந்தி இலக்கணம் எதற்கு? தமிழ்நாட்டு முதலமைச்சர் ஏப்பிரலில் உள்துறை அமைச்சருக்கு மடல் எழுதினார். அதே திங்களில், நடுவண் ஆயுதக் காவற்படைத் தேர்வுகள் தமிழ் உட்பட 13 மாநில மொழிகளிலும் நடக்குமென்று உள்துறை அறிவித்தது. 2024 பிப்பிரவரியில் அவ்வாறே நடந்தது. அரசு வைப்பகங்களின் எழுத்தர் தேர்வுக்கும் 2021இல் அதே வழி பிறந்தது. “முடியாது, செலவு மிகும், தரம் கெடும்” என்று பல்லாண்டு சொல்லப்பட்டவை சில கிழமைகளில் முடிந்ததைக் கவனியுங்கள். தரமும் கெடவில்லை.

திறக்காத வாயில்களும் உள. நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தில் பட்டம் பெற்ற பொறியாளர்களை எடுக்க 2022இல் ‘கேட்’ என்னும் திறனறி தேர்வின் மதிப்பெண்ணே அளவுகோலாக வைக்கப்பட்டது. அத்தேர்வு 2025 வரையில் ஆங்கிலம் ஒன்றிலேயே நடந்துள்ளது. நிலத்தையும் வீட்டையும் சுரங்கத்துக்குக் கொடுத்துவிட்டு வெளியேறிய குடும்பத்துப் பிள்ளை, அதே மண்ணின்மேல் எழுந்த நிறுவனத்தின் வாயிலில் அயல்மொழி வினாவுக்கு விடை சொல்ல வேண்டியிருக்கிறது.

தனியார் தொழிற்சாலைகள் என்ன செய்கின்றன? மண்ணின் மக்களுக்கு 75 விழுக்காடு வேலை தரும் சட்டம் கொண்டுவருவோம் என்று 2021 தேர்தலில் தி.மு.க. வாக்களித்தது, வாக்கு அறிக்கையோடு நின்றது. அரியானா அப்படியொரு சட்டம் செய்து பார்த்தது. 2023 நவம்பரில் அங்குள்ள உயர்நயன்மன்றம் அதைச் செல்லாதென்றது. கருநாடகம் 2024இல் சட்டமுன்வடிவை எடுத்தது. முதலாளிகள் முகஞ்சுளித்தவுடன் நிறுத்தி வைத்தது. அந்த வழி முட்புதர் நிறைந்தது. நேர்காணலைத் தமிழில் நடத்து, பணி ஆணையையும் ஒப்பந்தத்தையும் தமிழில் கொடு என்று கேட்பதற்கு அத்தகைய தடை என்ன இருக்கிறது? தொழிற்சாலை அறிவிப்புகளைப் பெரும்பாலான தொழிலாளர்க்குப் புரியும் மொழியிலும் எழுதி ஒட்டவேண்டுமென்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே சொல்லியது. உள்ளே போனபின் சுவரில் தமிழ் இருக்கலாமாம்; உள்ளே போகக் கேட்கும் வினாவில் மட்டும் இருக்கக் கூடாதாம்! கடைசல் பொறியும் வார்ப்படக் குழம்பும் ஆங்கிலம் கேட்பதில்லை. பள்ளிப் படிப்பை முடிக்காத கோ.து. நாயுடு கோவையில் மின்னோடி செய்யக் கற்றது எந்த நேர்காணலிலும் தேறி அன்று.

இங்கே இளைஞர்க்கு ஒரு சொல். ஆங்கிலம் கற்பதில் இழிவில்லை. கருவியாகக் கற்றுக்கொள்ளுங்கள், நன்றாகவே கற்றுக்கொள்ளுங்கள். ஆங்கிலம் தெரியாததால் அறிவில்லாதவன் என்று எவனேனும் சொன்னால் அதை மட்டும் நம்பிவிடாதீர்கள். ஒரே தேர்வை நம்பிப் பத்தாண்டைக் கரைக்காமல் கைத்தொழில் ஒன்றையும் உடன் பழகுங்கள். மேடையில் தமிழ்வழிக் கல்வி பேசிவிட்டுத் தம் பிள்ளையை ஆங்கிலப் பள்ளி ஊர்தியில் ஏற்றிவிடும் பெரியவர்களுக்கும் ஒரு சொல் உண்டு. அதை அவர்கள் மனச்சான்றே சொல்லும்.

அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் கட்டடப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. 2023 மே திங்களில், சேர்வார் குறைந்தனர் என்று கூறித் தன் உறுப்புக் கல்லூரிகளில் அவ்வகுப்புகளை நிறுத்துவதாக அறிவித்தது. எதிர்ப்பு எழவே பின்வாங்கியது. வகுப்பு காப்பாற்றப்பட்டது. சேர்வார் ஏன் குறைந்தனர்? படித்து வெளிவரும் பிள்ளையை எந்த நிறுவனம் எடுக்கும் என்று கேட்ட தந்தைக்கு விடை சொல்ல ஆளில்லை. அவ்விடையைப் பல்கலைக்கழகத்தில் மட்டும் தேடிப் பயனில்லை. நெய்வேலியிலும் திருப்பெரும்புதூரிலும் ஒரகடத்திலும் கேட்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு வேலை அறிவிக்கையும் வெளிவரும் அன்றே அதன் தேர்வுமொழி என்னவென்று பாருங்கள். தமிழ் இல்லையெனில் விண்ணப்ப நாள் முடியுமுன் அத்துறைக்கும் உங்கள் தொகுதி உறுப்பினர்க்கும் மடல் எழுதுங்கள். தேர்வு முடிந்தபின் எழுதும் மடல் குப்பைக்கூடைக்கே போகும்.