உடவளவையில் ஓர் இரவு

எல்லயிலும் அதனைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலும் வாழும் குடும்பங்கள் உல்லாசப் பயணம் போக எண்ணும்போது அருவியையோ பாலத்தையோ நாடுவதில்லை. இராவணன் அருவியும் ஒன்பது வளைவுப் பாலமும் வீட்டு வாசலிலேயே உள்ளன. அவற்றைக் காண உலகமே இங்கு வந்து குவிகின்றது. மலைநாட்டுப் பிள்ளைகள் கேட்பது வேறு. அவர்கள் காட்டு யானையைக் காண விரும்புகின்றனர்.

ஹோர்ட்டன் சமவெளி அண்மையில் உள்ளதாயினும், அங்கு மரைகளைக் காணலாமேயன்றி யானையைக் காண முடியாது. 1938 இல் தேசியப் பூங்காவாகிய யால, சிறுத்தைக்குப் பேர்பெற்றது. எனினும் வரட்சி மிகுந்த செப்டெம்பர் மாதத்தில் அதன் முதற் பகுதியை மூடிவிடுவதுண்டு. ஆதலால் உடவளவையே தக்கது. வளவை கங்கையில் நீர்த்தேக்கம் அமைந்தபோது இடம்பெயர்ந்த விலங்குகளுக்குப் புகலிடமாக 1972 இல் இது பூங்காவாயிற்று. பரப்பு ஏறத்தாழ 308 சதுர கிலோமீற்றர். பெரும்பகுதி புல்வெளியாதலின், யானைக் கூட்டங்கள் ஆண்டு முழுவதும் எளிதிற் கண்ணுக்குப் புலப்படும்.

எல்லயிலிருந்து வெல்லவாய, தனமல்வில வழியாக உடவளவைக்கு ஏறத்தாழ 90 கிலோமீற்றர். இத்துணைக் குறுகிய தூரத்திற்கு ஓரிரவு தங்கல் எதற்கு என்று கேட்போர் உளர். லயத்து அயலவர்கள் கூடி ஒரு வானை அமர்த்தி, நள்ளிரவிற் புறப்பட்டு, பகலெல்லாம் சுற்றி, மறுநாட் காலைப் பெரட்டுக்கு முன்னர் வந்து சேர இரவோடிரவாக மலையேறுவதே நெடுநாள் வழக்கம். தங்குமிடச் செலவு மிச்சமாகின்றது என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கிற் சாரதியின் உறக்கம் சேர்க்கப்படுவதில்லை.

2025 செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு, எல்லயைப் பார்த்துவிட்டுத் திரும்பிய தங்காலை நகர சபை ஊழியர்களின் பஸ் வண்டி எல்ல – வெல்லவாய வீதியிற் பெரும் பள்ளத்தில் வீழ்ந்தது. பதினைந்து பேர் மாண்டனர். அவர்களும் ஒரு நாள் இன்பமாகக் கழிக்க வந்தவர்களே.

அந்த வீதியின் இயல்பை அறிந்துகொள்ளுதல் வேண்டும். எல்ல கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 1,040 மீற்றர் மேலே உள்ளது. முப்பது கிலோமீற்றருக்குட்பட்ட தூரத்தில் வெல்லவாயவை அடையுமுன் வீதி 800 மீற்றருக்கு மேல் இறங்கிவிடுகின்றது. இறக்கம் முழுவதும் பிரேக்கை மிதித்துக்கொண்டே வருபவரின் வண்டியிற் பிரேக் சூடேறி, பிடிக்கும் வலு குன்றுகின்றது. ஏறும்போது எந்தக் கியரோ இறங்கும்போதும் அந்தக் கியரே என்பது மலைநாட்டுச் சாரதிகளின் பழைய பாடம். சமவெளியிலிருந்து வரும் வாடகை வண்டிக்காரருக்கு இது தெரியுமா என்பதை முற்பணம் கொடுக்கு முன்னரே விசாரித்தல் நன்று.

ஆகவே சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் புறப்படுவதே முறை. வெல்லவாயவைத் தாண்டித் தனமல்வில வீதியிற் சிறிது தூரம் சென்று உள்ளே திரும்பினால் புதுருவகல பாறைச் சிற்பங்களைக் காணலாம். நடுவில் நிற்கும் புத்தர் சிலை ஐம்பது அடிக்கு மேல் உயரமுடையது; இரு மருங்கிலும் மகாயான மரபைச் சேர்ந்த உருவங்கள் ஆறு உள்ளன. பிள்ளைகளுக்குச் சரித்திர பாடம் அங்கேயே நடந்துவிடும்.

பிற்பகலில் யானைக் கன்றுகளின் இடைத்தங்கல் இல்லத்திற்குச் செல்லலாம். தாயை இழந்த கன்றுகளை வளர்த்து மீண்டும் காட்டிற்கே அனுப்பும் இவ்வில்லம் 1995 இல் தொடங்கப்பட்டது. குறித்த வேளைகளிற் கன்றுகள் பாலுக்கு ஓடிவருவதை மேடையிலிருந்து பார்க்கலாம், தொட முடியாது. மனிதரோடு பழகிய யானை காட்டிற்கு உதவாது என்பதே காரணம். இதனைப் பார்த்துவிட்டு வந்தவர்களே வீதியோர மின்வேலிக்கருகில் வானை நிறுத்தி யானைக்கு வாழைப்பழம் நீட்டுவதைக் காணும்போது வியப்பாக இருக்கின்றது. அது சட்டத்திற்கும் மாறானது. பழத்திற்குப் பழகிய யானை பின்னர் வண்டிகளை மறிக்கக் கற்றுக்கொள்ளுகின்றது. புத்தல – கதிர்காம வீதியில் யாத்திரிகர்கள் இதனை நன்கறிவர்.

இரவு தங்குமிடம் எளியதாக இருந்தாற் போதும். ஆனால் சாரதிக்கும் ஒரு கட்டில் இருத்தல் வேண்டும். வானின் ஆசனத்திலே கொசுக்கடியில் அவரைக் கிடக்கவிட்டால் தங்கியதன் பயனே இல்லை. காலை ஆறு மணிக்குப் பூங்காவின் வாயில் திறக்கும். அங்கு அமர்த்தும் ஜீப் வண்டியின் வாடகையைப் பலர் பகிர்ந்துகொண்டாற் சுமை குறையும். உள்ளே வண்டியை விட்டு இறங்கலாகாது, கூச்சலும் கூடாது.

முற்பகலிற் புறப்பட்டு, வெல்லவாயவிற் பகலுணவு முடித்து, இரண்டு மணிக்குள் மலையேறத் தொடங்கிவிடுதல் நலம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களிற் பிற்பகல் மழையும் மூடுபனியும் வீதியை மறைக்கும். 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலின்போது ஊவாவில் மண்சரிவுகள் பல வீதிகளை அடைத்துவிட்டன. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருந்தால், அறைக்குக் கொடுத்த முற்பணத்தைப் பாராமற் பயணத்தை அடுத்த மாதத்திற்குத் தள்ளிவைக்கலாம். உடவளவை யானைகள் அதுவரை எங்கும் போய்விடமாட்டா.