கூரைக்குக் கீழே இருப்பவர்கள்

(முன்னாள் மாணவர் சங்கமத்தில் சிவில் துறை மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



"நீ கட்டியதிலேயே பெரிய கட்டடத்தைப் பற்றிப் பேசு" என்று செயலாளர் சொன்னார். மன்னிக்க வேண்டும். நான் போட்டதிலேயே சின்னத் தளத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன். நானூறு சதுர அடி. என் பெரியம்மா வீட்டுத் தளம்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னை மரங்கள் சாய்ந்து கிடந்த காட்சியை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். பெரியம்மா வீட்டுக் கூரையில் பாதி ஓடு பறந்துவிட்டது. அவருக்கு அப்போது 68 வயது. பெரியப்பா இல்லை, பிள்ளைகளும் இல்லை. மாதம் 1,000 ரூபாய் முதியோர் உதவித்தொகை, கொல்லையில் நாலு ஆடு, பெரியப்பா விட்டுப்போன வீடு. அவ்வளவுதான் சொத்து.

நான் போய்ப் பார்த்தேன். எஞ்சினியர் அல்லவா! "ஓடெல்லாம் இனி சரிப்படாது பெரியம்மா, கான்கிரீட் தளம் போட்டுடுவோம். அடுத்த புயலுக்குக் கவலையே இல்லை" என்றேன். எஸ்டிமேட் நாலு லட்சம். அவரிடம் ஏது நாலு லட்சம்? உறவினர் ஒருவர் முன்வந்தார். "நான் போடறேன். வீட்டை என் பேருக்கு எழுதிக் குடுத்துடுங்க, கடைசி வரைக்கும் வச்சுப் பாத்துக்கறேன்" என்றார். தான செட்டில்மெண்ட் பத்திரம் பதிவானது. "வைத்துப் பார்த்துக்கொள்வேன்" என்ற வார்த்தை பத்திரத்தில் ஏறவில்லை. சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவன் நான்.

மூன்று வருடம் கழித்துப் போனேன். தளம் போட்ட வீட்டில் யாரோ வாடகைக்கு இருந்தார்கள். பெரியம்மா கொல்லைக் கொட்டகையில் இருந்தார். ராத்திரி கழிப்பறைப் படியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, கோலூன்றி நடந்துகொண்டிருந்தார். என்ன கேட்பதென்று தெரியாமல், "தளம் ஒழுகுதா பெரியம்மா?" என்று கேட்டேன். அவர் சொன்னார்: "தளம் நல்லாத்தான் இருக்கு தம்பி. ஒரு சொட்டு ஒழுகல. நாந்தான் அதுக்குக் கீழ இல்ல."

நண்பர்களே, என் கணக்கில் கம்பி தப்பில்லை, சிமெண்ட் தப்பில்லை. கூரையைப் பார்த்தேன். அதற்குக் கீழே இருப்பவரைப் பார்க்கவில்லை. அதுதான் தப்பு. பிறகு ஒருநாள் உட்கார்ந்து பழைய கணக்கைத் திரும்பப் போட்டேன். உளுத்துப்போன கைமரங்களையும் ரீப்பரையும் மாற்றி, பறந்த ஓடுகளை வேய்ந்து, கழிப்பறைப் படியில் ஒரு கைப்பிடியும் விளக்கும் போட்டிருந்தால் நாற்பதாயிரத்துக்குள் முடிந்திருக்கும். அதற்கு வீட்டை எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை.

அதனால் இப்போது வயதானவர் வீட்டுக்குள் டேப்பை நீட்டுவதற்கு முன்னால் நான் நாலு கேள்வி கேட்கிறேன். ராத்திரி எழுந்தால் எந்த வழியாக நடக்கிறீர்கள்? பட்டாவும் பத்திரமும் யார் பெயரில் இருக்கின்றன? மாதம் என்ன வருகிறது, எந்தப் பணத்தைத் தொடவே கூடாது? நாளைக்கு நடக்க முடியாமல் போனால் எங்கே, யாரோடு இருக்க ஆசைப்படுகிறீர்கள்? கடைசிக் கேள்விக்குப் பலர் உடனே பதில் சொல்வதில்லை. அவர்களை யாரும் அதைக் கேட்டதே இல்லை. அந்தப் பதில் கிடைத்த பிறகுதான் எஸ்டிமேட்.

வேலையிலும் ஒரு வரிசை உண்டு. முதலில் உயிருக்கு ஆபத்தானவை: பழைய ஒயரிங், ஈரச் சுவர், தலைக்கு மேல் துருப்பிடித்துக் காரை உதிரும் கம்பி. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று போட்டால் ஷாக் அடித்துச் சாகும் அபாயம் வெகுவாகக் குறையும். அடுத்தது விழாமல் காப்பவை: குளியலறையில் வழவழப்பான டைல்ஸ் வேண்டாம், இரும்புக் குழாய்க் கைப்பிடி வேண்டும். சாய்தளம் வைத்தால் ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் விட வேண்டும். இடமில்லை என்று செங்குத்தாக வைத்தால் அது சறுக்குமரம்தான். அதற்குப் பிறகுதான் ஒழுகல். வெள்ளையடிப்பது கடைசி.

பத்திர விஷயத்தில் நான் தாமதமாகக் கற்றதையும் சொல்லிவிடுகிறேன். உயில் எழுதினால் உயிரோடு இருக்கும் வரை வீடு அவருடையதே. மனம் மாறினால் மாற்றி எழுதலாம். இரண்டு சாட்சிகள் வேண்டும். பதிவு கட்டாயமில்லை, செய்தால் நல்லது. செட்டில்மெண்ட் அப்படியல்ல, கொடுத்தால் கொடுத்ததுதான். மூத்த குடிமக்கள் பராமரிப்புக்காக 2007-ல் வந்த சட்டத்தின் 23-ஆம் பிரிவு ஒரு வழி வைத்திருக்கிறது. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, பராமரிக்கத் தவறினால் செல்லாது என்று தீர்ப்பாயம் அறிவிக்கலாம். நம் மாநிலத்தில் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்க வேண்டும். ஆனால் அந்த நிபந்தனை இருந்தது என்று காட்ட வேண்டும் என 2022-ல் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. ஆகவே எழுதிக் கொடுத்தே தீர வேண்டுமென்றால், அந்த ஒரு வரியைப் பத்திரத்தில் ஏற்றுங்கள். எங்கே கேட்பதென்று தெரியாதவர்களுக்கு 14567 என்ற மூத்த குடிமக்கள் உதவி எண் இருக்கிறது.

"மனுப் போடலாமா பெரியம்மா?" என்று கேட்டேன். "வேணாம்ப்பா, ஒறவு அத்துப் போயிடும்" என்றார். அது அவர் முடிவு. ஒருமுறை அவரைக் கேட்காமல் முடிவெடுத்தவன் நான். மறுமுறையும் அப்படிச் செய்ய மனம் வரவில்லை. கொட்டகையிலிருந்து கழிப்பறை வரை ஒரு கைப்பிடிக் குழாய் மட்டும் பதித்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மாணவத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். நாட்டு நலப்பணித் திட்டச் சிறப்பு முகாம் ஏழு நாள் நடத்துகிறீர்கள். இந்த வருடம் ஒரே ஒரு தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் தனியாக இருக்கும் பெரியவர்கள் வீட்டுக்கெல்லாம் போய் அந்த நாலு கேள்வியைக் கேட்டு, பதிலை எழுதி வாருங்கள். எலக்ட்ரிகல் தம்பிகள் ஒயரிங்கைப் பாருங்கள், மெக்கானிகல் தம்பிகள் கைப்பிடியை வெல்டிங் செய்யுங்கள். சாமான் செலவை எங்கள் ஆண்டு மாணவர்கள் ஏற்கிறோம். நேற்று இரவு விடுதி மாடியில் பேசி முடிவு செய்துவிட்டோம். முதல் வீட்டுக்கு நானும் வருகிறேன்.

ஒன்று மட்டும் மறந்துவிடாதீர்கள். டேப்பை வெளியே எடுப்பதற்கு முன்னால், அந்த அம்மா கொடுக்கும் டீயைக் குடித்துவிட்டு, அவர் சொல்வதைக் கேளுங்கள்.