மோட்டார் எப்போது நிற்கிறது?

(அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில், திருப்பூர் மாவட்ட அரசு உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எங்கள் பள்ளி அறிவியல் மன்றப் பிள்ளைகள் செய்த ஒரு சி.என்.சி. இயந்திரம் பழுதான கதையைச் சொல்லப் போகிறேன். அந்தப் பழுதைத் தேடியபோது நான் செய்த தவறும் இதில் வரும். உங்களுக்கு அதுதான் அதிகம் பயன்படும் என்று நினைக்கிறேன்.

கணினி தரும் எண்களின்படி தானே நகர்ந்து வேலை செய்யும் இயந்திரம்தான் சி.என்.சி. எங்கள் இயந்திரம் எதையும் வெட்டாது. பேனா பிடித்து வரையும். பனியனின் முன்பக்கம், பின்பக்கம், கை ஆகியவற்றின் பேட்டர்னைப் பழுப்புத் தாளில் வரைந்து தரும். திருப்பூர்ப் பிள்ளைகளுக்கு வேறென்ன தோன்றும்? ஒட்டுப்பலகை, மேசை டிராயருக்குப் போடும் சேனல், பல் பெல்ட், ஓர் ஆர்டுயினோ பலகை, அதில் ஜி.ஆர்.பி.எல். என்ற இலவச மென்பொருள், நகர்த்துவதற்கு ஸ்டெப்பர் மோட்டார்கள். இவ்வளவுதான் செலவு.

9ஆம் வகுப்பில் நாம் நடத்தும் மின்மோட்டார், மின்சாரம் பாயும்வரை சுற்றிக்கொண்டே இருக்கும். ஸ்டெப்பர் மோட்டார் அப்படியல்ல. ஒரு துடிப்பு கொடுத்தால் ஒரு படி மட்டும் திரும்பி நிற்கும். ஒரு சுற்றுக்கு 200 படி; ஒரு படிக்கு 1.8 டிகிரி. டிரைவர் என்ற சிறு பலகை ஒவ்வொரு படியையும் 16 ஆகப் பிரித்தால் ஒரு சுற்றுக்கு 3200 துடிப்பு. எங்கள் புல்லியில் 20 பல். பல்லுக்குப் பல் 2 மி.மீ. ஆக, ஒரு சுற்றில் 40 மி.மீ. நகரும். 3200-ஐ 40-ஆல் வகுத்தால், 1 மி.மீ. நகர 80 துடிப்பு. இந்தக் கணக்கை எங்கள் பிள்ளைகளே போட்டார்கள்.

இந்த ஏற்பாட்டில் ஒரு குறை உண்டு. பலகை துடிப்புகளை அனுப்பும், எண்ணி வைத்துக்கொள்ளும். மோட்டார் உண்மையில் திரும்பியதா என்று அதற்குத் தெரியாது. நம்மூர் வட்ட நிட்டிங் இயந்திரத்தில் ஒரு நூல் அறுந்தால் விளக்கு எரியும், இயந்திரம் நின்றுவிடும். எங்கள் இயந்திரத்தில் அப்படி எதுவும் இல்லை. மோட்டார் திணறி நாலு படி தவறவிட்டாலும், பலகை எல்லாம் சரியாக நடப்பதாகவே நினைத்து அடுத்த கோட்டுக்குப் போய்விடும்.

மாவட்ட அறிவியல் கண்காட்சிக்கு நான்கு நாள் இருக்கும்போது அதுதான் நடந்தது. மோட்டார் ‘கர்ர்’ என்று உறுமி ஒரு நொடி நின்றது. பிறகு ஓடியது. வரைந்து முடித்துப் பார்த்தால் கைத் துண்டு முன்பக்கத் துண்டின்மேல் ஏறிக் கிடந்தது.

ஒயர்களுக்குப் பற்ற வைத்தவள் 9ஆம் வகுப்பு மாணவி ஒருத்தி. நான் எதையும் சோதிக்கவில்லை. எல்லோர் முன்னாலும், “சால்டரிங் சரியா வைக்கத் தெரியலைன்னா முதல்லயே சொல்லியிருக்கலாமே” என்று சொல்லிவிட்டேன். அவள் பதில் பேசவில்லை. மறுநாள் மன்ற நேரத்தில் அவளைக் காணவில்லை. மோட்டாருக்குப் பலம் போதவில்லை என்று நினைத்து, டிரைவரில் உள்ள சிறு திருகைத் திருப்பி மின்னோட்டத்தையும் கூட்டினேன். பழுது இன்னும் மோசமானது.

அன்று மாலை அவளுடைய அப்பா பள்ளிக்கு வந்தார். பனியன் கம்பெனியில் நிட்டிங் ஃபிட்டர். சண்டை போட வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் இயந்திரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, எந்தத் திருகையும் தொடாமல் ஒன்றே ஒன்று கேட்டார்: “எப்ப நிக்குதுங்க சார்? எடுத்த உடனேயா, ஓடி ஓடியா?”

எனக்குப் பதில் தெரியவில்லை. நான் கவனிக்கவே இல்லை.

மறுநாள் அந்த மாணவியை வரச் சொல்லி, ஒரு கோடு போட்ட நோட்டைக் கொடுத்தேன். மோட்டார் திணறும் ஒவ்வொரு முறையும் நான்கு செய்திகளை எழுத வேண்டும்: ஓட ஆரம்பித்து எத்தனை நிமிடம், எந்த இடம், பேனா கீழே இருந்ததா மேலே இருந்ததா, எத்தனை மி.மீ. விலகியது. ஒரு மதியத்தில் இரண்டு பக்கம் நிரம்பியது. படித்துப் பார்த்தபோது பழுது ஒன்றல்ல, இரண்டு என்று தெரிந்தது.

முதலாவது: பேனா தாளில் வரையும்போது ஒருமுறைகூட விலகவில்லை. பேனாவைத் தூக்கிக்கொண்டு அடுத்த துண்டுக்கு ஓடும்போதுதான் விலகியது. அந்த ஓட்டம் முழு வேகத்தில் நடக்கும். கண்காட்சியில் சீக்கிரம் வரைந்து காட்ட வேண்டும் என்று, முந்தின வாரம் அதிகபட்ச வேகத்தை நிமிடத்துக்கு 3000 மி.மீட்டரிலிருந்து 12000 ஆகவும், முடுக்கத்தை 100-லிருந்து 1500 ஆகவும் மாற்றியது நான்தான். மாற்றியதை யாரிடமும் சொல்லவும் இல்லை.

வேகம் கூடினால் ஏன் திணறுகிறது? கம்பிச் சுருளில் மின்னோட்டம் ஏறுவதற்குச் சிறிது நேரம் வேண்டும். துடிப்புகள் மிக வேகமாக வந்தால், மின்னோட்டம் முழுதாக ஏறுமுன் அடுத்த துடிப்பு வந்துவிடும், திருப்புத்திறன் குறையும். கூடவே, 10ஆம் வகுப்பின் முதல் பாடத்தில் வரும் நிலைமம். கனமான சட்டத்தைத் திடீரென இழுக்க அதிக விசை வேண்டும். இரண்டும் சேரும் இடத்தில் மோட்டார் தோற்றுவிடுகிறது.

இரண்டாவது: சுமார் 20 நிமிடம் ஓடிய பிறகு மோட்டார் சில நொடி செயலற்று, மீண்டும் உயிர் பெற்றது. இது டிரைவர் சூடாகித் தன்னைத்தானே நிறுத்திக்கொள்வது. நான் மின்னோட்டத்தைக் கூட்டியதன் பலன். எங்களிடம் இருந்த ஏ4988 வகை டிரைவருக்குக் கணக்கு எளிது: திருகில் அளக்கும் வோல்ட் = மின்னோட்டம் × 8 × பலகையில் உள்ள சிறு மின்தடை. அந்தத் தடை 0.1 ஓம் என்றால், 1 ஆம்பியருக்கு 0.8 வோல்ட். நான் கண்ணை மூடிக்கொண்டு 1.2 வோல்ட்டுக்கு, அதாவது 1.5 ஆம்பியருக்கு ஏற்றியிருந்தேன். வெப்பம் கடத்தும் தகடும் இல்லை, விசிறியும் இல்லை.

விலகிய அளவுகளும் ஒன்று சொல்லின. ஸ்டெப்பர் மோட்டார் தவறினால் நான்கு முழுப் படிகளின் மடங்காகத்தான் தவறும். எங்கள் இயந்திரத்தில் அது 0.8 மி.மீ. பெல்ட் பல் தாண்டியிருந்தால் 2 மி.மீ. மடங்காக விலகும். புல்லியின் திருகு தளர்ந்திருந்தால் எந்த ஒழுங்கும் இருக்காது. நோட்டில் இருந்தவை 1.6, 2.4, 3.2-ஐ ஒட்டிய அளவுகள். ஆகவே தவறியது மோட்டார்தான். பெல்ட்டோ புல்லியோ அல்ல.

பற்ற வைத்த இடங்களையும் மல்டிமீட்டரில் பார்த்தோம். ஒன்றிலும் குறை இல்லை. வேகத்தையும் முடுக்கத்தையும் பழையபடி வைத்தோம். மின்னோட்டத்தை 0.8 வோல்ட்டுக்கு இறக்கித் தகடு ஒட்டினோம். பிறகு தாளில் ஒரு புள்ளி வைத்து, அங்கிருந்து 300 மி.மீ. போய்த் திரும்பும்படி 20 முறை ஓட்டினோம். கடைசியில் பேனா அதே புள்ளியில் வந்து நின்றது.

உங்கள் பள்ளி முப்பரிமாண அச்சு இயந்திரத்திலும் இதே மோட்டார்கள்தான். அதனால் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். எடுத்த உடனே திரும்பாமல் நடுங்கினால், ஒயர் இணை மாறியிருக்கலாம் அல்லது ஒன்று விட்டுப்போயிருக்கலாம். மோட்டாரின் நான்கு ஒயரைக் கழற்றி, இரண்டிரண்டாகச் சேர்த்து அச்சைக் கையால் திருப்புங்கள். கனமாகத் திரும்பினால் அவை ஒரே சுருளின் முனைகள். எப்போதும் ஒரே இடத்தில் நின்றால், மின்சாரத்தை நிறுத்திவிட்டுச் சட்டத்தை மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். எங்கோ இடிக்கிறது அல்லது ஒயர் இழுக்கிறது. வேகத்தில் மட்டும் நின்றால் வேகம், முடுக்கம், மின்னழுத்தம். நேரம் கழித்து நின்றால் வெப்பம். எதுவும் நிற்காமல் படம் மட்டும் சீராகப் பாதி அளவில் வந்தால், அது படிக்கணக்கில் பிழை.

இரண்டு எச்சரிக்கைகள். மின்சாரம் ஓடும்போது மோட்டார் ஒயரைக் கழற்றக் கூடாது, டிரைவர் போய்விடும். 230 வோல்ட் வரும் பகுதியைப் பிள்ளைகள் தொடக் கூடாது. அது ஆசிரியர் பொறுப்பு.

கண்காட்சிக்கு முதல் நாள், அதே பிள்ளைகள் முன்னால் அந்த மாணவியிடம், “தப்பு என்னோடதும்மா, உன் வேலை சரியாத்தான் இருந்தது” என்று சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. “நோட்டுல அதையும் எழுதட்டுங்களா சார்?” என்று கேட்டாள். எழுதச் சொன்னேன். வேகத்தை மாற்றியது யார், மின்னோட்டத்தைக் கூட்டியது யார் என்று தேதியோடு எழுதினாள். கண்காட்சியில் அந்த நோட்டும் இயந்திரத்தின் பக்கத்திலேயே இருந்தது.

அதற்குப் பிறகு மன்றத்தில் மூன்று விதிகள் வைத்திருக்கிறோம். தொடுவதற்கு முன் எப்போது நிற்கிறது என்று எழுத வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். மாற்றியவர் பெயரை எழுத வேண்டும், ஆசிரியராக இருந்தாலும்.

வகுப்பறையிலும் நாம் பல நேரம் அந்தப் பலகையைப் போலத்தான் பாடத்தை அனுப்பிக்கொண்டே இருக்கிறோம். ஒரு பிள்ளை எந்த இடத்தில் படி தவறியது என்று நமக்குத் தெரிவதில்லை. கடைசியில் மதிப்பெண் குறைந்தால் பிள்ளையைத்தான் சொல்கிறோம். அந்த ஃபிட்டர் என்னிடம் கேட்ட கேள்வியை இப்போது நான் வகுப்பிலும் கேட்கிறேன்: “எங்கே நின்னுச்சும்மா? எடுத்த உடனேயா, கொஞ்சம் போன பிறகா?” பிள்ளைகள் சரியாகவே சொல்லிவிடுகிறார்கள்.