ஆட்ட நாயகர் ஆசானாவாரா?

1986 உலகக் கிண்ணத்தில், இங்கிலாந்துக்கு எதிராகத் தம் பாதியிலிருந்தே பந்தைக் கடத்திச் சென்று மரடோனா போட்ட கோலை மறந்தவர் உண்டா? அவரே 2010-இல் அர்ஜெண்டினாவின் பயிற்றுநர். குழுவில் மெஸ்ஸியும் இருந்தார். காலிறுதியில் ஜெர்மனியிடம் 0-4! பிறவித் திறனைப் பிறருக்கு எடுத்துக் கொடுக்க முடியாதே.

பெக்கன்பவர் 1974-இல் அணித்தலைவராகவும் 1990-இல் பயிற்றுநராகவும் கிண்ணம் வென்றாரே என்பீர்கள். உண்மைதான்; அவர் அபூர்வம்.

நம் மலேசியாவின் கே. ராஜகோபாலைப் பாருங்கள். தேசியக் குழுவின் தாக்குதல் ஆட்டக்காரராக இருந்தவர், உடனே தேசியப் பொறுப்பில் அமர்ந்துவிடவில்லை. மாநிலக் குழுக்களில் ஆண்டுக்கணக்கில் பயிற்றுவித்துத் தொழிலைப் புதிதாகக் கற்றார். 2009 சீ விளையாட்டில் அவருடைய இளைஞர்கள் 20 ஆண்டுகளுக்குப் பிறகு காற்பந்துத் தங்கம் வென்றார்கள். அவர்களில் பலரை வைத்தே 2010-இல் சுசுகி கிண்ணத்தையும் கொண்டுவந்தார்.