தொழிலின் கடன் வீட்டுக்கு வாராமல்
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

இருபத்தைந்து ஆண்டுகளாகக் கல்வியைப் பற்றிப் பேசிவந்த இம்மேடையில் இன்று கம்பெனியைப் பற்றிப் பேச வந்துள்ளோம். கல்விக்கும் கம்பெனிக்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணக்கூடும். நம் பிள்ளைகள் வேலை தேடுவோராக மட்டுமின்றி, வேலை தருவோராகவும் எழுந்து வருகின்றனர். தொழில் தொடங்குவோர் முதலில் அறிய வேண்டுவது, தாம் கையெழுத்திடும் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதே. அதைக் கற்பிப்பது கல்வியின் கடமையன்றோ?

நம்மவர் பலர்க்குச் சொத்து என்பது அரும்பாடுபட்டுப் பெற்ற ஒரு மனைப் பட்டாவும், அதன்மேல் எழுப்பிய ஒரு வீடுமே. தொழில் என்றால் நட்டமும் வரும். நட்டம் வந்த நாளில் அந்த வீடு நிற்குமா, போகுமா என்பதே நம்முன் உள்ள கேள்வி.

ஆம்பூரில் காலணி தைக்கும் சிறு பட்டறையொன்றை நண்பர் இருவர் கூட்டாக நடத்துவதாகக் கொள்வோம். தோல் வாங்கிய வகையில் 12 இலட்சம் ரூபாய் கடன் நிற்கிறது. சரக்கு எடுத்தவரோ பணம் தரவில்லை. 1932ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டப்படி, கூட்டாளிகள் சேர்ந்தும் தனித்தனியாகவும் கடனுக்குப் பொறுப்பாவர். கடன் கொடுத்தவர் ஒருவரிடமே முழுத் தொகையையும் கேட்கலாம். வழக்கில் வென்றால் அவர் வீட்டையும் தொடரலாம். அவ்விருவரே ஆளுக்கு 1 இலட்சம் பங்குப் பணம் செலுத்தித் தனியார் நிறுமமாகப் பதிவு செய்திருந்தால், அக்கடன் நிறுமத்தின் கடனாகும். பங்குப் பணத்தை முழுவதும் செலுத்தியவரிடம், பங்குதாரர் என்ற முறையில், மேற்கொண்டு கேட்க இயலாது. 'லிமிடெட்' என்னும் சொல்லின் பொருள் இதுவே.

இவ்வுரிமையை உறுதி செய்த பெருவழக்கும் ஒரு காலணித் தொழிலாளரின் வழக்கே என்பது நாம் நினைந்து மகிழத்தக்கது. இலண்டனில் ஆரன் சாலமன் என்பார் காலணி செய்து விற்றுவந்தார். 1892இல் மனைவி, மகள், நான்கு புதல்வர்கள் ஆகியோரைச் சேர்த்து எழுவராக நிறுமம் அமைத்தார். குடும்பத்தார் அறுவர்க்கும் ஆளுக்கொரு பங்கு; மற்றவை அவருடையவை. தொழில் நொடித்தது. நிறுமத்தின் கடனைச் சாலமனே தீர்க்க வேண்டும் என்று வழக்கெழுந்தது. முறைப்படி பதிவான நிறுமம் வேறு, சாலமன் வேறு என்று 1896 நவம்பரில் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. இன்றும் சட்டக் கல்லூரிகளில் இத்தீர்ப்பு பாடமாக உள்ளது.

நிறுமம் அமைப்பது மலையைப் பெயர்க்கும் வேலையன்று. 2013ஆம் ஆண்டு நிறுமச் சட்டப்படி, தனியார் நிறுமத்துக்கு உறுப்பினர் இருவரும் இயக்குநர் இருவரும் போதும். அவ்விருவரே இரு நிலையிலும் இருக்கலாம். தனியொருவர் 'ஒரு நபர் நிறுமம்' அமைக்கலாம். குறைந்தது 1 இலட்சம் ரூபாய் மூலதனம் வேண்டும் என்ற விதி 2015இல் நீக்கப்பட்டது. பெயர், பதிவு அலுவலக முகவரி, நோக்கங்களைக் கூறும் அமைப்பு முறையேடு, நிருவாகத்தைக் கூறும் செயல்முறை விதிகள் ஆகியவற்றை இணையவழியே நிறுமப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். தணிக்கையாளர் ஒருவரின் துணை கொள்வது நலம்.

இனி, எச்சரிக்கைகள் மூன்று.

முதலாவது, வங்கியில் கடன் பெறும்போது இயக்குநரின் தனிப்பட்ட ஜாமீனையும் பெரும்பாலும் கேட்பர். அதில் கையெழுத்திட்டால், சட்டம் கட்டித் தந்த வேலியை நாமே பிரித்துவிடுகிறோம். கட்டாயம் இடவேண்டின், எவ்வளவு தொகைக்கு, எந்தச் சொத்தின்மேல் என்று படித்தறிந்து இடுக.

இரண்டாவது, நிறுமத்தின் பணப்பை வேறு, வீட்டின் பணப்பை வேறு. கல்லாவிலிருந்து எடுத்துத் திருமணச் செலவு செய்யலாகாது. தொழில் நடக்கவில்லை என்றாலும் ஆண்டுதோறும் கணக்கும் அறிக்கையும் தாக்கல் செய்தாக வேண்டும். தவறினால், ஒவ்வொரு படிவத்துக்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம் ஏறும். தொடர்ந்து மூன்று ஆண்டுகள் தவறினால், இயக்குநர் ஐந்து ஆண்டுகளுக்குத் தகுதி இழப்பார். 2017ஆம் ஆண்டில் நாடெங்கும் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட நிறுமங்கள் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டதை மறவாதீர்.

மூன்றாவதே நம்மவர்க்கு மிக இன்றியமையாதது. மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தம் கொள்முதலில் 4 விழுக்காட்டைப் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் நடத்தும் குறு, சிறு தொழில்களிடம் வாங்குவதற்கு 2012ஆம் ஆண்டு ஆணை வழிசெய்கிறது. தனியார் நிறுமமாயின், 51 விழுக்காட்டுப் பங்கேனும் அவர்களிடம் இருத்தல் வேண்டும். இதை அறிந்த பிறர், "தம்பி, பெயரை மட்டும் கொடு, மாதம் ஒரு தொகை தருகிறோம்" என்று நம் இளைஞரை நாடி வரக்கூடும். பெயர் நமது, ஆதாயம் அவருடையது. வழக்கு வந்தால் சிக்குவதும் நாமே. மோசடிக்கு நிறுமம் கேடயமாகாது. நிறுமம் செலுத்தாத வருமான வரியை, தம் கவனக்குறைவு இல்லை என்று மெய்ப்பிக்க இயலாத இயக்குநரிடம் வசூலிக்கவும் சட்டம் இடந்தருகிறது.

கைநாட்டு வைத்த நம் முன்னோர், படிக்கத் தெரியாமையால் நிலமிழந்தனர். படித்த நாம், படியாமல் கையெழுத்திட்டு வீடிழந்தால் அவர்க்கு என்ன விடை கூறுவோம்? பெயரை விற்க வேண்டா. அப்பெயரிலேயே தொழில் நடத்துங்கள். பங்கும் நம்முடையதாக, கணக்கும் நம் கையினதாக, முடிவும் நம்முடையதாக இருக்கட்டும்.